வினைத்திறன் யாருடைய கணக்கில்? அன்றாட வாழ்வைப் பற்றிய ஒரு விவாதம்

நல்லூர் வாசகன்:

எங்கள் பெற்றோர் குடும்பம் நடத்திய காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் அரிதாக இருந்த பல வசதிகள் இன்று நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றில் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள், எரிவாயு அடுப்பு, கிரைண்டர், கூரை உயரத்தில் நீர்த்தாங்கி, கைத்தொலைபேசியிலேயே மின்கட்டணம் கட்டும் வசதி என்று எதை எடுத்தாலும், அது நேரத்தை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கையோடுதான் வீட்டுக்குள் வந்தது. தனித்தனியே பார்த்தால் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆயினும் "நேரமில்லை" என்பதைத்தான் முன்னைவிட அதிகமாகக் கேட்கிறேன். நாம் வினைத்திறனைக் கணக்குப் பார்க்கும் முறையிலேயே ஏதோ விடுபட்டுப் போகிறது என்று எண்ணுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பொருளியலாளர் ஜோன் மேனார்ட் கெய்ன்ஸ் 1930இல் எழுதிய ஒரு கட்டுரையில், நூறு ஆண்டுகளுக்குள் மனிதர் வாரத்துக்கு 15 மணித்தியாலம் உழைத்தாலே போதும் என்ற நிலை வரக்கூடும் என்று எதிர்பார்த்தார். அந்த நூறு ஆண்டு 2030இல் நிறைவடைகிறது. உற்பத்தி பெருகும் என்று அவர் சொன்னது பெருமளவில் நடந்தது. ஓய்வு பெருகும் என்றது நடக்கவில்லை.

வினைத்திறனை நாம் இன்று அளக்கும் முறைக்குப் பெரும்பங்கு கொடுத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடரிக் டெய்லர். நிறுத்தற் கடிகாரத்தோடு தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, ஒரு மண்வெட்டியில் ஏறத்தாழ 21 இறாத்தல் சுமை இருந்தால் ஒருவர் ஒரு நாளில் அதிகம் அள்ளலாம் என்று கண்டவர் அவர். 1911இல் தமது விஞ்ஞான முகாமைத்துவக் கொள்கையை நூலாக வெளியிட்டார். தொழிற்சாலையில் அந்தக் கணக்குக்கு ஒரு வசதி இருந்தது: அதற்கு மதில் உண்டு. உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்பது தெளிவு. வீட்டுக்கும் வாழ்நாளுக்கும் அப்படியான மதில் கிடையாது. நான் மிச்சப்படுத்திய அரைமணி நேரத்தை என் மனைவியோ, அலுவலக வாசலில் காத்து நிற்கும் ஒருவரோ, பத்து ஆண்டு கழித்து இதே கிணற்றில் நீர் அள்ளப்போகும் ஒருவரோ செலுத்தியிருக்கலாம். என் கணக்கில் அது இலாபமாகவே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு யாழ் நகருக்குப் போய்வரும் நேரம் பாதிக்கும் குறைவாகிவிட்டது. ஆனால் முன்பு ஒரு துண்டில் எழுதி வைத்து, ஒரே நாளில் பேருந்தில் போய் முடித்த அலுவல்களுக்கு, இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே போய்வருகிறோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கீடு செய்தபோது, பலரும் அலுவல்களைச் சேர்த்து வைத்துச் செய்தார்கள். மூலையில் சாத்தியிருந்த துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. அந்தப் பங்கீடு நீங்கியதும் பழைய ஓட்டம் திரும்பிவிட்டது. ஒரு பயணத்துக்கான நேரம் குறைந்ததை வினைத்திறன் என்பதா, ஒரு கிழமைக்கான மொத்த ஓட்டம் கூடியதை வினைத்திறனின்மை என்பதா? எந்த எல்லைக்குள் நின்று கணக்கிடுவது என்பதுதான் என் கேள்வி.

கொக்குவில் அக்கா:

நல்ல கேள்வி, தம்பி. ஆனால் இந்தப் பேச்சு தொடங்கினால் சிலர் உடனே அம்மியையும் உரலையும் புகழத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட விரும்புகிறேன். அம்மியில் அரைத்த சம்பலின் சுவையைப் பற்றிப் பேசுபவர்களுள் அந்த அம்மியின் முன் தினமும் குந்தியிருந்தவர்கள் மிகக் குறைவு. என் அம்மம்மாவின் முழங்கையும் இடுப்பும் அந்தச் சுவைக்கு விலை கொடுத்தன. அரைக்கும் இயந்திரம் பெண்களின் உடலுக்குச் செய்த நன்மையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே வேளை நீங்கள் கேட்ட "யாருடைய கணக்கு" என்பதற்கு அடுக்களைதான் மிகத் தெளிவான விடை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு நூலில், வீட்டு இயந்திரங்கள் பெருகிய பிறகும் இல்லத்தரசிகளின் வேலைநேரம் எதிர்பார்த்தபடி குறையாததற்குக் காரணம் காட்டியிருக்கிறார். புதிய அடுப்பு வந்தபோது நின்றுபோனது ஆண்களும் பிள்ளைகளும் செய்த விறகு வெட்டும் வேலை. சமையல் பெண்ணிடமே இருந்தது. சலவை எளிதானபோது துணி மாற்றும் வழக்கமும் தூய்மையைப் பற்றிய எதிர்பார்ப்பும் உயர்ந்தன.

இங்கும் அதுதான் நடந்தது. கிணற்றில் அள்ளிக் குளித்த காலத்தில், சமையலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது எங்கள் வீட்டில் அண்ணாவின் வேலை; விறகு கொத்துவது அப்பாவின் வேலை. மோட்டரும் எரிவாயுவும் வந்ததும் அந்த இரண்டு வேலைகளும் இல்லாமற் போயின. அவர்கள் இருவருக்கும் ஓய்வு கிடைத்தது. அம்மாவுக்கோ காலை இடியப்பத்துக்கு மேலதிகமாகப் பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாடும், மாலையில் தனியார் வகுப்புக்குப் போகுமுன் ஒரு சிற்றுண்டியும் சேர்ந்தன, "இப்போதெல்லாம் சமையல் எளிதுதானே" என்ற காரணத்தோடு. நான் அலுவலகத்துக்கும் போகிறேன். ஆகையால் இந்தக் காரணத்தின் பாரம் எனக்கு நன்கு தெரியும்.

ஆதலால் ஒரு வேலை எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்பதை மட்டும் அளந்து பயனில்லை. மாலை எட்டு மணிக்கு வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நின்றுகொண்டிருக்கிறார் என்று பார்த்தால் அந்த வீட்டின் வினைத்திறன் தெரிந்துவிடும்.

இன்னொன்று. மிளகாய்த்தூள் விடயத்தில் எங்கள் ஊரார் கண்ட வழி இன்றும் சிறந்தது என்பது என் கருத்து. வீட்டில் பதமாக வறுத்து, அரைப்பதற்கு ஊர் மில்லுக்குக் கொடுக்கிறோம். கையின் பக்குவம் தேவைப்படும் பகுதி வீட்டில் நிற்கிறது; வெறும் தசைவலு தேவைப்படும் பகுதியை ஓர் இயந்திரம் ஊர் முழுவதற்கும் செய்கிறது. நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஓடும் இயந்திரங்களை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கி அடுக்குவதைவிட அது சிக்கனமானது.

செம்மண்:

நான் உரும்பிராய்ப் பக்கம் தோட்டம் செய்கிறேன். எல்லை பற்றிய கேள்வி எங்கள் கிணற்றுக்குள் மிகக் கூர்மையாக நிற்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மரத்துலாவை மிதித்துக் கிணற்றுநீர் அள்ளிய காலத்தில் ஒரு தோட்டத்துக்கு இறைக்க மூன்று பேராவது வேண்டும். துலாவில் ஏறி மிதிப்பவர், பட்டை பிடித்து ஊற்றுபவர், பாத்திக்குத் தண்ணீர் கட்டுபவர். விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறுமுன் உடல் களைத்துவிடும். அதோடு இறைப்பு நிற்கும். அந்தக் களைப்புத்தான் கிணற்றுக்குக் காவலாகவும் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் ஒருவரே தனியாக முழுத் தோட்டத்தையும் நனைக்க முடிந்தது. இதை நான் குறை சொல்லவில்லை; துலா மிதித்து விழுந்தவர்களை எங்கள் தாத்தா அறிவார்.

ஆனால் ஒரு லீற்றர் நீரை மேலே கொண்டுவரும் செலவு குறைந்தபோது நாங்கள் அதே அளவு நீரைக் குறைந்த செலவில் எடுத்தோமா? இல்லை. நடும் பரப்பைக் கூட்டினோம், வெங்காயத்துக்கு அடுத்து உடனே வேறொரு பயிர் வைத்தோம், உரத்தையும் கூட்டினோம். ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இலேயே நிலக்கரியைப் பற்றி இதைச் சொல்லிவிட்டார்: நீராவி இயந்திரம் சிக்கனமாக இயங்க இயங்க நிலக்கரியின் மொத்தப் பாவனை கூடுமேயன்றிக் குறையாது, ஏனெனில் சிக்கனம் அதைப் புதிய பயன்களுக்கு இலாபமானதாக்குகிறது. எங்கள் குடாநாட்டுக் கிணறுகளுக்கு அந்தக் கூற்று அப்படியே பொருந்தும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுகிறது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுவதுதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நின்று, ஆண்டு முழுவதும் எங்களுக்குக் குடிநீராகவும் தோட்டநீராகவும் ஆகிறது. அந்த நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. இரண்டின் அடர்த்தி வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலாளர் சொல்லும் பொதுக் கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் அச்சம் வரும்: மேலே சிறிதளவு மட்டம் இறங்கினால், கீழே உப்பு காலப்போக்கில் அதைப் போலப் பல மடங்கு ஏறிவரக்கூடும். நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை எங்கள் ஊரில் பிள்ளைகளும் அறிவார்கள்.

தூவல் முறையும் சொட்டுநீர் முறையும் தீர்வு என்று சொல்லப்படுகிறது. அவை மின்சாரத்தையும் கூலியையும் மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் வாய்க்காலில் "வீணாய்ப் போன" நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மறுபடியும் கிணற்றுக்கே வந்தது; காற்றில் ஆவியாகப் போனதுதான் திரும்பாத இழப்பு. ஆகவே ஊரின் மொத்த நீர்க்கணக்கில் மிச்சமாவது, என் மோட்டர் ஓடிய நேரக் கணக்கில் மிச்சமாவதைவிடக் குறைவு. மிச்சமான நேரத்தில் இன்னும் ஐந்து பரப்பு நிலத்தில் நட்டால் அதுவும் போய்விடும். இறங்கிவரும் நீர் எங்கள் உரத்தின் நைத்திரேற்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறது என்பதால், அதிகம் இறைப்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: என் வேலிக்குள் கணக்குப் பார்த்தால் நான் திறமையான தோட்டக்காரன், கிணறோ வேலிக்குக் கீழே எல்லாரோடும் தொடுத்துக் கிடக்கிறது.

சுன்னாகம் வியாபாரி:

எல்லாரும் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த விவாதம் கொஞ்சம் வசதி உள்ளவர்களுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தைக்குப் பின்னேரம் வரும் நாட்கூலிக்காரர் சிறு பைக்கற்றில் தேயிலை, சிறு பைக்கற்றில் சவர்க்காரத்தூள் என்று அன்றன்றைக்கு வாங்குகிறார். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று அவருக்குத் தெரியாது என நினைக்காதீர்கள். மொத்தமாக வாங்கும் காசு அவர் கையில் ஒருநாளும் ஒன்றாகச் சேர்வதில்லை. அலுவல்களைச் சேர்த்து வைத்துச் செய்யுங்கள், ஒரு பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள் என்பதெல்லாம் கையிருப்பு உள்ளவருக்கு மட்டுமே சொல்லக்கூடிய புத்திமதி. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் உலை ஏறாத வீட்டில் ஓய்வு என்பது இழப்பு.

பொறியியல் மாணவன்:

வியாபாரி ஐயா சொன்ன "கையிருப்பு" என்பதிலிருந்தே நான் தொடங்குகிறேன், ஏனெனில் நாங்கள் கிளிநொச்சி வளாகத்தில் படித்த, காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் வரிசைக் கோட்பாடு அதைத்தான் கணிதமாகச் சொல்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங் 1909இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காக இந்தத் துறையைத் தொடங்கி வைத்தார்.

ஒரு கருமபீடத்தில் ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். மக்கள் ஒழுங்கில்லாத இடைவெளிகளில் வருகிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் தேவைப்படுகிறது, சிலருக்குக் கூடவும் சிலருக்குக் குறையவும் ஆகலாம். இந்த எளிய மாதிரியில், உத்தியோகத்தர் தம் நேரத்தில் 50 வீதம் வேலையாக இருந்தால் வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். 80 வீதமானால் 20 நிமிடம். 90 வீதமானால் 45 நிமிடம். 95 வீதமானால் 95 நிமிடம். நூறை நெருங்க நெருங்கக் காத்திருப்பு எல்லையில்லாமல் நீளும். எனவே அந்த உத்தியோகத்தரின் நேரத்தில் ஒரு துளியும் சும்மா போகக்கூடாது என்று நிர்வாகம் முடிவெடுத்தால், அந்தத் துளிகளை வாசலில் நிற்கும் அத்தனை பேரிடமிருந்தும் மணித்தியாலங்களாக வசூலிக்கிறது. நாட்கூலிக்காரர் வைத்தியசாலைக் கிளினிக்கில் அரைநாள் இழக்கும்போது அவர் பிறரது வினைத்திறனுக்காகத் தம் கூலியைக் கொடுத்துவிட்டு வருகிறார். ஆகையால் இந்த விவாதம் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமானது என்பதை நான் ஏற்கவில்லை, ஐயா. கையிருப்பு இல்லாதவரே பிறர் மிச்சம் பிடித்ததன் செலவை முதலில் செலுத்துகிறார்.

ஒருவருடைய நாளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். காலை 5 மணி முதல் இரவு வரை இடைவெளியின்றி அடுக்கிய நாளில், ஒரு பேருந்து கால்மணி பிந்தினால் பின்னால் உள்ள அத்தனையும் சரியும். இடைவெளி விட்ட நாளில் அந்தக் கால்மணி அங்கேயே கரைந்துவிடும்.

வடமராட்சி ஆசிரியை:

இடைவெளியின்றி அடுக்கிய நாள் என்றதும் எனக்கு என் மாணவர்களே நினைவுக்கு வருகிறார்கள். விடியற்காலை ஒரு தனியார் வகுப்பு, பிறகு பாடசாலை, பின்னேரம் இன்னொரு வகுப்பு, சனி ஞாயிறு முழுநாள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே இப்படித் தொடங்கிவிடுகிறது. பெற்றோர் பிள்ளையின் ஒரு மணித்தியாலமும் வீணாகக்கூடாது என்று உண்மையான அன்போடு செய்கிறார்கள். அவர்களை நான் கண்டிக்கமாட்டேன்.

ஆனால் கற்றலில் வேகமாகத் தெரிவதும் நிலைத்து நிற்பதும் ஒன்றல்ல. ஜேர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தம்மைத் தாமே சோதித்து, ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நாட்களில் பரவலாகப் படித்தால் குறைந்த தடவைகளிலேயே மனத்தில் நிற்கிறது என்று கண்டார்; பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் அதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஒரே நாளில் ஐந்து கடந்தகால வினாத்தாள் செய்து முடித்த பிள்ளை நிறைய வேலை செய்ததுபோலத் தோன்றும். ஒரு வினாத்தாளைச் செய்து, பிழைத்த கணக்கை இரண்டு நாள் கழித்துத் தானாக மறுபடி செய்து பார்த்த பிள்ளை மெதுவானதுபோலத் தோன்றும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் இரண்டாவது பிள்ளைக்கே தெரிந்திருக்கும். இடையில் விட்ட இரண்டு நாட்களும் படிப்பின் பகுதிதான்.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதைப் பற்றித் தனியாகவே ஓர் இழை தொடங்கவேண்டும்.

மானிப்பாய் முதியவர்:

தம்பிமார், தங்கைமார் எழுதியதை வாசித்தேன். 1990 முதல் 1995 வரை, போரும் பொருளாதாரத் தடையும் இருந்தபோது, நாங்கள் இங்கே வாழ்ந்த காலம் இந்த விவாதத்துக்கு ஒன்றைச் சேர்க்கும்.

மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டு, இரவு முழுவதும் படிக்க ஒரு விளக்குச் செய்தோம். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டோம். ஓரிரு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியில் துணி தோய்த்தார்கள். எரிபொருளின் கணக்கில் பார்த்தால் அவ்வளவு வினைத்திறனோடு வாழ்ந்த சமூகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மருந்து கிடைக்காமல் உயிர்கள் போன காலமும் அதுதான். எவரும் அதற்குத் திரும்ப விரும்பக்கூடாது.

நான் அதிலிருந்து விளங்கிக்கொண்டது, எது அரிதோ அதைத்தான் மனிதர் எண்ணி எண்ணிச் செலவழிப்பார்கள் என்பது. அன்று எண்ணெய் அரிது. ஆகவே எண்ணெயைச் சொட்டாக எண்ணினோம், நேரத்தையும் உடலுழைப்பையும் எண்ணவில்லை. இன்று நேரம் அரிது என்று எண்ணி எண்ணெயையும் நீரையும் அள்ளி இறைக்கிறோம். செம்மண் எழுதியதைப் பார்த்தால் உண்மையில் அரிதாகிக்கொண்டிருப்பது எது என்பது தெரிகிறது. அதற்கு விலைச்சீட்டு இல்லாததால் நாம் அதை எண்ணவில்லை.

நல்லூர் வாசகன்:

ஐயாவின் கடைசிப் பந்தி நான் தேடிய விடையின் பெரும்பகுதியைத் தந்துவிட்டது. டெய்லரின் கணக்கில் அரிதானது தொழிலாளியின் நிமிடம். ஏனெனில் அதற்குத்தான் முதலாளி கூலி கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோதும் நாம் அதே நிமிடத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கொக்குவில் அக்கா சொன்ன ஓய்வு, மாணவன் சொன்ன இடைவெளி, செம்மண் சொன்ன நிலநீர் மூன்றுக்கும் எவரும் விலை கேட்பதில்லை. ஆகவே அவை வற்றும்வரை கண்ணில் படுவதில்லை.

வியாபாரி ஐயாவின் மறுப்பு இன்னும் நிற்கிறது என்றே நினைக்கிறேன். கையிருப்பு இல்லாத ஒருவரிடம் தனி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லை. ஆனால் ஒரு கிளினிக்கில் எல்லாரையும் காலை 7 மணிக்கு வரச் சொல்லாமல் மணித்தியாலத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்து அழைப்பது, அலுவலகக் கருமபீடங்களில் நெரிசல் நாட்களில் ஒருவரைக் கூடுதலாக அமர்த்துவது, கூட்டுறவுக் கடையில் பெரிய பொதியை அதே அலகு விலையில் சிறிது சிறிதாக நிறுத்துக் கொடுப்பது போன்றவற்றை நாம் ஊர்ச் சங்கங்கள் மூலமாகக் கேட்கலாம். இவை அவருடைய அரைநாளையும் காசையும் அவருக்கே திருப்பித் தரும்.

கொக்குவில் அக்கா:

கேட்கவேண்டிய இடங்களுள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது சந்தைக்குப் போவதும் ஞாயிறு மதியச் சமையலும் கணவருக்கும் மகனுக்கும் உரியவை. முதலில் மரக்கறி வெட்டவே நெடுநேரம் ஆனது. சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வந்தது. நிமிடக் கணக்கில் அது பெரும் நட்டம். நான் அந்த நேரத்தில் அடுக்களைப் பக்கம் போவதில்லை என்று உறுதியாக இருக்கிறேன். தம்பி செம்மண், அயலில் உள்ளவர்களோடு நீர் விடயத்தில் ஏதாவது ஒழுங்கு செய்ய முடிந்ததா? தனி ஒருவர் குறைத்து மற்றவர் கூட்டினால் பயனில்லையே.

செம்மண்:

அது உண்மை, அக்கா. நான் ஒருவன் இறைப்பைக் குறைத்தால் அந்த நீரைப் பக்கத்துத் தோட்டம் எடுக்கும். ஆகையால்தான் எவரும் முதலில் குறைக்க முன்வருவதில்லை. எங்கள் ஒழுங்கையில் தோட்டம் செய்பவர்கள் கூடிப் பேசி, அவரவர் கிணற்றின் உட்சுவரில் அடிக்கணக்குக் கோடுகள் வரைந்திருக்கிறோம். மாரி முடிந்து தை மாதத்தில் நிற்கும் மட்டத்தை எல்லாரும் பார்த்துச் சொல்வோம். குறித்த கோட்டுக்குக் கீழே நின்றால் அடுத்த போகத்துக்கு நடும் பரப்பை எல்லாரும் ஒரே விகிதத்தில் குறைப்பது, அல்லது நீர் குறைவாகத் தேவைப்படும் பயிருக்கு மாறுவது என்பது பேச்சு. எழுத்தில் எதுவும் இல்லை. மட்டம் குறைந்த ஓர் ஆண்டு வரும்போதுதான் அது நிற்குமா என்று தெரியும். ஒருவர் மட்டும் இன்னும் சேரவில்லை. அவருடைய கடன் தீரும்வரை பரப்பைக் குறைக்க முடியாது என்கிறார். வியாபாரி ஐயா சொன்ன கையிருப்பு இல்லாத நிலைதான் அவருடையதும். ஆகவே அவருக்கு அந்தப் போகத்துக்கு விதை வெங்காயத்தை நாங்கள் பகிர்ந்து கொடுக்கலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.